உட்கார வைக்கக் கூடாத பிள்ளைகள்

1. முதல் நாள் ஏச்சு

ஜெனிபா என்ற ஆறு வயதுப் பெண்ணை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் அவளுடைய அம்மாவை ஏசினேன். ஆஸ்பத்திரி அனுபவத்தை எழுது என்று என்னிடம் கேட்பவர்கள், பிழைத்த உயிர்களின் கதையை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். அதுவும் இருக்கிறது, பின்னால் வரும். ஆனால் எனக்கு இந்த ஏச்சிலிருந்துதான் தொடங்க வருகிறது.

சுனாமிக்கு அடுத்த வருடம் என்னைக் கேஷுவாலிட்டிக்கு இன்சார்ஜ் சிஸ்டராகப் போட்டார்கள். நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஆறு கட்டில், சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு, ஊசி மருந்துகள் வைத்த ஓர் இரும்பு அலமாரி, அதன் சாவி என் இடுப்பில். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. வேலையில் கை வேகம், பேச்சில் நாக்கு அதைவிட வேகம். ரஞ்சிதம் சிஸ்டர் டியூட்டி என்றால் ஆட்டோக்காரர்கள்கூட ஹாரனை மெதுவாக அடிப்பார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அதற்கும் அடுத்த வருடம் அந்தப் பெண்பிள்ளையை அவளுடைய அம்மா லூர்து மேரி தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கணவன் பஹ்ரைனில் கடல் வேலைக்குப் போயிருந்தான். பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் கீமோ கொடுத்து, இடைப்பட்ட நாட்களில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலையில் ஒரு முடி இல்லை, பூப்போட்ட ஒரு துணி சுற்றிக் கட்டியிருந்தது. தெர்மாமீட்டர் நூற்று மூன்றைத் தாண்டி நின்றது.

நான் பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டேன். "ஏட்டி, பிள்ள இந்த மாதிரி பொரிஞ்சிட்டு கெடக்கா. ஒரு ஈரத்துணி போட்டுத் தொடைக்கத் தெரியாதா ஒனக்கு? காய்ச்சல் மருந்து ஒரு மூடி குடுக்கத் தெரியாதா? சும்ம தூக்கிட்டு வந்து நிக்கிய?"

லூர்து மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் திருவனந்தபுரத்து ஃபைல் இருந்தது, அதை என் பக்கமாக நீட்டினாள். அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, முதலில் பிள்ளையைக் கிடத்து என்றேன். சுற்றி இருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று குழந்தை டாக்டர் சிவதாணு பக்கத்து வார்டிலேயே இருந்தார். ரத்தத்தில் வெள்ளையணுக் கவுண்ட் பார்த்து, மருந்து எழுதி, வார்டுக்கு மாற்றி, எட்டாம் நாள் ஜெனிபா நடந்து வீட்டுக்குப் போனாள். எல்லாம் நன்றாக முடிந்ததால் நான் ஏசியதும் சரிதான் என்று எனக்கு ஆகிவிட்டது.

2. இந்தக் கை வேண்டாம், அந்தக் கை

அடுத்த ஐந்தாறு மாதங்களில் ஜெனிபா பலமுறை வந்தாள். ரத்தம் எடுக்க, கவுண்ட் பார்க்க, திருவனந்தபுரத்துக்குப் போகிற வழியில் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்க. மற்ற பிள்ளைகள் பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல அவள் தன் வெள்ளையணுக் கணக்கைச் சொல்வாள். "எனக்கு இப்பம் ரெண்டாயிரத்தி நூறாக்கும் சிஸ்டர்" என்று கேட்டில் நுழையும்போதே அறிவிப்பாள். குறைந்த நாளில் வாயே திறக்க மாட்டாள்.

ஊசி போட ஆள் போனால், "அந்தக் கையில நரம்பு ஓடும், இதுல எடுங்க" என்று இடது புறங்கையை நீட்டுவாள். புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு அவள்தான் பாடம் எடுத்தாள் என்றே சொல்லலாம். திருவனந்தபுரத்து வார்டில் மலையாளம் பழகியிருந்தாள். கை நடுங்குகிற நர்ஸைப் பார்த்து "பேடிக்கண்டா" என்பாள். பயப்படாதே என்று. பயப்பட வேண்டியவள் அவள். ஆறுதல் எங்களுக்கு.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு ஆண் பிள்ளைகள், இருவரும் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளை இல்லை என்று நான் அதுவரை வருந்தியதில்லை. ஜெனிபா வராத வாரங்களில் பெஞ்சின் அந்த மூலையைப் பார்ப்பேன். அவள் வந்தால் என் நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள், நான் ஏசமாட்டேன். ஆஸ்பத்திரியில் என்னிடம் ஏச்சு வாங்காத ஒரே ஆள் அவள்தான்.

லூர்து மேரி மட்டும் என்னிடம் அளவாகவே பேசுவாள். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் இல்லை. கடற்கரைப் பெண்கள் பொதுவாக அப்படி இல்லை, சண்டையென்றாலும் சிரிப்பென்றாலும் உரக்கத்தான். இவள் ஏன் இப்படி அடங்கி நிற்கிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

3. தொண்ணூற்றெட்டரை

கீமோ முடிந்து வந்த ஒன்பதாம் நாள் அது. திங்கட்கிழமை, காலை பதினொரு மணி, ஓ.பி.யில் கூட்டம் வாசல் வரை நின்றது. வில்லுக்குறி வளைவில் பைக்கும் வேனும் மோதி மூன்று பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒருவனுடைய தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது லூர்து மேரி வந்து நின்றாள். ஜெனிபா தோளில் சாய்ந்திருந்தாள். தலைத்துணி ஈரமாக இருந்தது.

பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் இருந்தது என்றாள். ஒரு நர்ஸை விட்டு அக்குளில் தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னேன். தொண்ணூற்றெட்டரை. காய்ச்சலே இல்லை. மருந்து ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "காய்ச்சல் ஒண்ணும் இல்ல. அங்க இரி. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சு வருவாரு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெனிபாவின் கவுண்ட் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஜெனிபாவும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை என்பதையே நான் அந்தக் கூட்டத்தில் கவனிக்கவில்லை.

இதைப் படிக்கிற இளம் நர்ஸ்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். கீமோ கொடுத்து ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். நம் உடம்பில் கிருமி நுழைந்தால் சீழ் வரும், வீக்கம் வரும், எங்கே நோய் என்று உடம்பே காட்டிக்கொடுக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கான ஆள்பலம் இல்லை. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த அடையாளம் தெரிந்த உடனே, ஒரு மணி நேரத்துக்குள், ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏற வேண்டும். தாமதித்தால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிடும்.

ஒன்றே கால் மணிக்கு லூர்து மேரி என்னைத் தேடி வந்தாள். பிள்ளையின் கையும் காலும் குளிர்ந்து கிடக்கிறது, கூப்பிட்டால் முழிக்க மாட்டேன் என்கிறாள் என்றாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். நாடி நூல்போல இருந்தது. பிரஷர் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகாவது வேகமாக நடந்ததா என்றால், அதுவும் இல்லை. ஆக்ஸிஜன் வைத்தோம், சலைன் ஓடியது. ஆன்டிபயாடிக் மட்டும் எங்கள் வழக்கப்படி வரிசையில் நின்றது. முதலில் ரத்தம் லேபுக்குப் போக வேண்டும், கவுண்ட் ரிப்போர்ட் வர வேண்டும், அதைப் பார்த்து டாக்டர் எழுத வேண்டும், எழுதிய சீட்டு பார்மஸிக்குப் போக வேண்டும், முதல் டோஸ் வார்டில்தான் போட வேண்டும். அதுதான் முறை. யாரும் சும்மா இருக்கவில்லை, எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள். மருந்து ஏறும்போது மணி மூன்றேகால். அதே மருந்து ஆறு குப்பி என் அலமாரியில் இருந்தது, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பத்து அடி. சாவி என் இடுப்பில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெனிபா போய்விட்டாள்.

பெஞ்சுக்கு அடியில் லூர்து மேரியின் பிளாஸ்டிக் கூடை கிடந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று தூக்கினேன். உள்ளே ஈரமான துவர்த்துத் துண்டு ஒன்று, காய்ச்சல் மருந்துப் பாட்டில் ஒன்று, முக்கால் பாகம் காலி. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விடியும்போதே காய்ச்சல் வந்திருக்கிறது. மருந்தைக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, உடம்பு ஆறிய பிறகுதான் அவள் பஸ் ஏறியிருக்கிறாள். சூட்டோடு கொண்டுவந்தால் ரஞ்சிதம் சிஸ்டர் ஏசுவாள். மருந்து கொடுத்தேன் என்று சொன்னால் அதற்கும் ஏசினாலும் ஏசுவாள். அதனால் இல்லை என்று தலையை ஆட்டியிருக்கிறாள்.

கூடையில் ஃபைலும் இருந்தது. முதல் நாள் அவள் என்னிடம் நீட்டிய அதே ஃபைல். முதல் பக்கத்திலேயே திருவனந்தபுரத்து டாக்டர் ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். காய்ச்சல் வந்தால் வீட்டில் எந்த மருந்தும் கொடுத்துக் குறைக்கக் கூடாது, அப்படியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று. முதல் நாள் அவள் அதைத்தான் அப்படியே செய்திருந்தாள். நான் ஊரார் முன்னால் அவளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை காய்ச்சல் வந்தபோது அவள் நான் சொன்னபடி செய்தாள்.

4. பஸ்ஸை விட்டு இறங்கியவரை

கூடையை ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினேன். நானே போயிருக்க வேண்டும். பதினாறாம் நாள் ஜெபத்துக்கு முன்னால் ஒருமுறை பஸ் ஏறி அவர்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கவும் செய்தேன். கோவில் கொடிமரம் தெரிந்தது, வலை காயப் போட்டிருந்தது, மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல் இல்லை. பிழை உன்னுடையது அல்ல, என்னுடையது என்று சொல்ல வேண்டும். இரண்டு வரிதான். வாயே ஆயுதம் என்று பெயரெடுத்தவளுக்கு அந்த இரண்டு வரி வரவில்லை.

சிவதாணு டாக்டரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். நாஞ்சில் நாட்டு வயற்காட்டு ஊர்க்காரர், நிதானமான மனிதர். ரிப்போர்ட் பார்க்காமல் ஆன்டிபயாடிக் தொடமாட்டார். தேவையில்லாத பிள்ளைக்கு மருந்து ஏறக் கூடாது என்பது அவருடைய கொள்கை, அதில் தப்பும் இல்லை. நான் கூடையைப் பற்றிச் சொன்னபோது இடையில் பேசாமல் கேட்டார். பிறகு கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரையும் லேப் ரிஜிஸ்டரையும் கொண்டுவரச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து ஜெனிபா வந்த பதினொரு மணியிலிருந்து மூன்றேகால் வரை எந்த நேரத்தில் எங்கே இருந்தாள் என்று ஒரு தாளில் எழுதினோம்.

எழுதி முடித்ததும் அவர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இதப் பாரு ரஞ்சிதம். நோய் ஒரு இடத்திலயும் நிக்கல்ல. நிக்கது பூரா நாமளாக்கும். ரிப்போர்ட்டுக்கு நின்னது நான்" என்றார்.

அன்றிலிருந்து மாற்றத் தொடங்கினோம். ஒரே நாளில் இல்லை, ஒன்றரை வருடம் இழுத்தது. முதலில் ஒரு ஸ்டீல் ட்ரே. நரம்பில் சொருகுகிற கேனுலா, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் பாட்டில், முதல் டோஸ் மருந்து, கரைக்கிற நீர், எல்லாம் அதற்குள். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினோம், அவசரத்தில் யாரும் பேனாவைத் தேட வேண்டாம் என்று. கீமோ எடுக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு கேஷுவாலிட்டியிலேயே முதல் டோஸ், ரிப்போர்ட் தன் பாட்டுக்கு வரட்டும் என்று சிவதாணு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும் வீட்டில் இருந்தது என்று தாய் சொன்னால் அது காய்ச்சல்தான். அவளுடைய புறங்கை தொட்டுச் சொல்வதும் கணக்கில் சேரும்.

இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். புதிதாக வந்த டியூட்டி டாக்டர்கள் தெர்மாமீட்டரை நம்புவதா, அம்மாவை நம்புவதா என்று கேட்டார்கள். ஒருமுறை கவுண்ட் நாலாயிரத்துக்கு மேல், மருந்தே தேவைப்படாத அளவுக்கு இருந்த பையனுக்கு முதல் டோஸ் போட்டுவிட்டோம். லேப்காரர் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுவந்து காட்டிச் சிரித்தார். சிவதாணு டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு, "ஒரு டோஸ் கூடிப் போச்சு, அவ்வளவுதான? அவனுக்க அம்மை அவனக் கூட்டிட்டுப் போறா பாத்தியரா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு அட்டை அடித்துக் கொடுத்தோம். இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உட்கார வைக்கக் கூடாது, உடனே உள்ளே விட வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில். வாட்ச்மேனும் ஓ.பி. சீட்டு எழுதுகிறவரும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ். அந்த வாசகம் நான் எழுதியது. எழுதும்போது பெஞ்சைப் பார்க்காமல் எழுதினேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது என் நாக்கு. மருந்து கொடுத்தாயா என்று அதட்டிக் கேட்டால் பாதிப் பேர் பொய்தான் சொல்வார்கள் என்று தெரிந்துவிட்டது. அதனால் கேள்வியை மாற்றினேன். காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொட்டுப் பார்த்தாய், அதற்கு என்னென்ன கொடுத்தாய், பரவாயில்லை, எல்லாம் சொல்லு மக்கா என்று. முதல் சில மாதம் இந்த வார்த்தைகள் என் வாயில் ஒட்டவே இல்லை. ரஞ்சிதம் சிஸ்டருக்கு நாக்கில் தையல் போட்டாச்சு என்று ஆட்டோ ஸ்டாண்டு வரை பேச்சு. பேசட்டும் என்று விட்டேன்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் குளிர்ந்து போகவில்லை. ஒவ்வொரு முறை முதல் டோஸ் ஓடத் தொடங்கும்போதும் சந்தோஷமும் அதன் கூடவே ஒரு ஏக்கமும் வரும். இது அவளுக்குக் கிடைத்திருக்கலாமே என்று. இடது புறங்கையில் ஊசி குத்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளை வேறு யாராக இருந்தாலும் எனக்கு ஜெனிபாவின் கைதான். யாராவது "பேடிக்கண்டா" என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். லூர்து மேரி ஒருநாள் அந்தக் கதவு வழியே வருவாள், அந்த இரண்டு வரியைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஐந்து வருடம் போயிற்று.

5. அரை மணிக்கூர்

வந்தாள். 2012, தவக்காலம் தொடங்கிய சமயம், காலை பதினொன்றரை இருக்கும். கையில் மூன்று வயதுப் பிள்ளை, பின்னால் அதன் அம்மா, சின்னப் பெண், அழுதுகொண்டே வந்தாள். லூர்து மேரி அழவில்லை. வாட்ச்மேனிடம் ரோஸ் அட்டையைக் காட்டிவிட்டு நிற்காமல் நேராக உள்ளே வந்து, பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினாள். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள்.

"அடுத்த வீட்டுப் பிள்ள சிஸ்டர், அபிஷா. கீமோ முடிஞ்சு பத்து நாளாச்சு. பத்தரை மணிக்குப் பாக்கும்ப நூத்தி ரெண்டு. மருந்து ஒண்ணும் குடுக்கல்ல. நான் குடுக்க விடல்ல" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தாள்.

ட்ரே வந்தது. நரம்பு முதல் குத்தில் கிடைக்கவில்லை, இரண்டாவதில் கிடைத்தது. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, மருந்தைக் கரைத்துச் சின்ன பாட்டிலில் விட்டு ஓட விட்டோம். வந்து இருபத்திரண்டு நிமிடம். ரிஜிஸ்டரில் நேரம் எழுதிவிட்டுத் திரும்பினேன். அபிஷாவின் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். லூர்து மேரி கால்மாட்டில் நின்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தீர எத்தற நேரம் ஆவும்?" என்று கேட்டாள்.

"அரை மணிக்கூர்" என்றேன்.

"அரை மணிக்கூர்தானா" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு பாட்டிலைப் பார்த்தபடியே, மெதுவான குரலில் பேசினாள்.

"எனக்க பிள்ளைக்கி நான் அண்ணைக்கி காய்ச்சல் மருந்து குடுத்தேன் சிஸ்டர். நீங்க கேட்டப்பம் இல்லேன்னு பொய் சொன்னேன். அதுனாலத்தான் ஒங்களுக்கு காய்ச்சல் தெரியாமப் போச்சு. அஞ்சு வருசமா பெரிய வெள்ளிக்கி முன்ன சாமியார்ட்ட இதையேதான் பாவசங்கீர்த்தனம் பண்ணுதேன். எனக்க பிள்ளைய நான் கொன்னுட்டேன்னு."

கேஷுவாலிட்டியில் அந்த நேரம் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. அவளை ஏசியது ஊரார் முன்னால் என்றால் இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"லூர்து மேரி, நீ மருந்து குடுத்தது எனக்கு அண்ணைக்கே தெரியும். ஒனக்க கூடையில நான் பாட்டிலப் பாத்தேன். நீ பொய் சொன்னது எனக்குப் பயந்து. ஒன்ன ஏசி அப்பிடிச் செய்ய வச்சது நான். மொதல் நாளு நீ மருந்து குடுக்காமக் கொண்டு வந்தியே, அதாக்கும் சரி. ஃபைல்ல எழுதியிருந்தத நான் படிக்கல்ல. இந்த மருந்தும் அண்ணைக்கு இந்த அலமாரியில இருந்திச்சு."

அவள் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவேண்டும் என்றும் விரும்பினேன். அவள் கேட்டது வேறு.

"அண்ணைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அஞ்சு வருசமா வந்து சொல்லலியே சிஸ்டர்" என்றாள்.

அவள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியதைச் சொல்லியிருக்கலாம், அது பதில் ஆகாது. இனி சாமியாரிடம் அதைச் சொல்லாதே, அது உன் பாவம் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாட்டிலைப் பார்த்தாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த அரை மணி நேரமும் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது அபிஷாவை மட்டும் இல்லை.

அபிஷா பத்தாம் நாள் வீட்டுக்குப் போனாள். இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று கேள்வி. லூர்து மேரி அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முன்னால் சாமியாரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். காலை பதினொரு மணியானால் இன்னும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வாசலில் யாராவது கூப்பிட்டால் லூர்து மேரியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

ட்ரேயும் அட்டையும் மருந்து அளவும் உங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் செய்துவிடலாம். நான் கற்றுக்கொண்ட பாடம் அதற்கும் முந்தியது. சுடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் உள்ளே வந்தால், தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே, சரியாகத்தான் செய்தாய், உடனே கொண்டுவந்துவிட்டாய் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் உங்களிடம் உண்மையைச் சொல்ல அது போதும். லூர்து மேரியிடம் முதல் நாள் நான் அதைச் சொல்லியிருக்கலாம். அன்று அவள் சரியாகத்தான் செய்திருந்தாள்.